கம்பிச்சடக்கைக் (ரயில்பாதையைக்) கழற்றும்போது: செபராங் பிறைக் கிளைப்பாதை, ஒரு நிகழ்வு ஆய்வு

கைவிட்ட ரயில்பாதையைக் கழற்றினால் தண்டவாளமெல்லாம் எடைமேடை ஏறிவிடும், கட்டைகள் விற்றுப்போகும், கணக்கும் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலையின் லட்சணம் தெரியவரும். முதல் பெருமழையில், பாதை போன மண்கரைக்கு மேற்பக்கம் இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நூறாண்டாக அங்கே தண்ணீர் நின்றதில்லை என்பார்கள் தோட்டத்துக்காரர்கள். அவர்கள் சொல்வது சரிதான். கரைக்கு அடியில் இருந்த குழாயை இரும்பு ஏற்றிப்போன லோரி நசுக்கியிருக்கும். மேலே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

கைவிட்ட ரயில்பாதையை எடுக்கும் வேலையில் இரும்பு ஒரு பங்குதான். தண்ணீரும் நிலமும் பெரும்பங்கு. ஒப்பந்தத்தில் இரும்புக்கு டன் கணக்கு இருக்கும், தண்ணீருக்கு ஒரு வரிகூட இருக்காது. இந்த ஆய்வு அந்த இடைவெளியைப் பற்றியது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 3 கி.மீ. நீளமுள்ள ஒற்றைக் கிளைப்பாதை. பிரதான பாதையிலிருந்து பிரிந்து, மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறைத் தென்பகுதியில் காண்பதுபோல் செம்பனைக்கும் நெல்வயலுக்கும் நடுவே மண்கரைமேல் போய், பழைய சரக்குமேடை ஒன்றில் முடிகிறது. இது ஒரே இடத்தின் கணக்கு அல்ல. வடக்குப் பகுதிக் கிளைப்பாதைகளின் இயல்புகளைச் சேர்த்து அமைத்த மாதிரி. அளவுகள் மீட்டர் கேஜின் (இரு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர் உள்ள பாதையின்) வழக்கமான அளவுகளிலிருந்து கணக்கிட்டவை.

இந்த நாட்டில் பாதையைப் பிடுங்குவது புதிதல்ல. 1885இல் திறந்த தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதைதான் மலாயாவின் முதல் ரயில்பாதை, ஏறத்தாழ 12.8 கி.மீ. இன்று போர்ட் வெல்ட் முனையில் மிஞ்சியது டிக்கெட் கவுண்டரும் பெயர்ப்பலகையும்தான். அந்தப் பலகையில் மற்ற மொழிகளோடு தமிழிலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் கிழக்குக்கரைப் பாதையை மெந்தகாப்பிலிருந்து கிராய் வரை பெயர்த்து, சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டும் மீட்டர் கேஜ் என்பதால் இங்கே கழற்றியது அங்கே அப்படியே பொருந்தியது. அந்தப் பாதையைப் போட இங்கிருந்து பிடித்துக்கொண்டு போன தோட்டத் தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. தண்டவாளத்தில் கைவைக்கும் எவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் நடை

கைவிட்ட பாதையை வரைபடத்தை வைத்து விலைபேசக் கூடாது. இரண்டு பேர், ஒரு அளவுச்சக்கரம், ஒரு பாராங் (வெட்டுக்கத்தி), வெள்ளைப் பெயின்ட், 3 கி.மீ.யை நடந்து முடிக்க இரண்டு நாள் ஆகும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் தண்டவாளத்தின் இடுப்பில் (தலைக்கும் அடிக்கும் நடுவே உள்ள பக்கத்தில்) எண் எழுத வேண்டும். அந்த இடுப்பிலேயே உருட்டிய ஆலை, ஆண்டு, எடை மூன்றும் புடைப்பெழுத்தாக இருக்கும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தால் படிக்கலாம். எடை மாறும் இடத்தைத் தவறவிடக் கூடாது. பழைய கிளைப்பாதைகளில் கெஜத்துக்கு 60 பவுண்டும் 80 பவுண்டும் கலந்து கிடக்கும். முழுவதும் 80 என்று நினைத்து ஏலம் கேட்டவர், 60 பவுண்ட் கிடக்கும் இடத்திலெல்லாம் நான்கில் ஒரு பங்கு இரும்பைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகிறார்.

முழுவதும் 80 பவுண்ட் என்றால் கணக்கு இது. மீட்டருக்கு 39.7 கிலோ, இரு பக்கமும் சேர்த்து 6,000 மீட்டர், ஆக 238 டன். 40 அடித் தண்டவாளம் 492. ஒன்றின் எடை 484 கிலோ. மூட்டுக்கு இரண்டு ஃபிஷ்பிளேட் (தண்டவாள முனைகளை இணைக்கும் தகடு), நான்கு போல்ட் வீதம் ஃபிஷ்பிளேட் 984, போல்ட் 1,968. கட்டைக்குக் கட்டை 70 செ.மீ. இடைவெளி என்றால் ஸ்லீப்பர் கட்டை ஏறத்தாழ 4,290. கட்டைக்கு நான்கு ஆணி வீதம் 17,160. கட்டைக்கு அடியில் பரப்பிய கல்லான சல்லி மீட்டருக்கு 0.9 கனமீட்டர் என்று வைத்தால் 2,700 கனமீட்டர், அதில் பாதி இப்போது சேறு.

இந்த எண்களை முன்கூட்டியே எழுதி வைப்பது பின்னால் நடக்கும் திருட்டைக் கண்டுபிடிக்கத்தான். தலை தேய்ந்த, துருப்பிடித்த தண்டவாளம் எடைமேடையில் நூற்றுக்கு ஐந்து குறைவது இயல்பு. பதினைந்து குறைந்தால் அது தேய்மானம் அல்ல.

நடக்கும்போது, கரைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் அடிக்குழாய்களை எண்ணுவதுதான் முக்கியமான வேலை. கரையின் இரு பக்கமும் இறங்கிப் பார்க்க வேண்டும். லாலாங் புல்லும் செம்பனை மட்டையும் வாயை மூடியிருக்கும். ஒரு பக்கம் வாய் தெரிந்து மறுபக்கம் தெரியவில்லை என்றால் அங்கேயும் குழாய் இருக்கிறது, புதைந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் சிவப்புத் துணி கட்டிய கம்பு, படம், குறுக்களவு, குழாய்க்கு மேலே எத்தனை செ.மீ. மண் என்ற குறிப்பு. பாதை கைவிடப்பட்ட பிறகு பக்கத்தில் இருப்பவர்கள் அதே மதகு வழியாகத் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ இழுத்திருப்பார்கள். அதுவும் குறிப்பில் வர வேண்டும்.

பருவமும் இங்கேயே முடிவாக வேண்டும். இந்த வட்டாரத்தில் ஜனவரி, பிப்ரவரிதான் காய்ந்த மாதங்கள். ஏப்ரல், மே மழை வருவதற்குள் கரையை மூடிவிட வேண்டும். செப்டம்பரில் தொடங்கும் வேலை சேற்றில் முடியும்.

கோயில்

ரயில்வே ஒதுக்கு நிலத்தில் முனீஸ்வரரோ மதுரை வீரனோ இல்லாத பழைய பாதை வடக்கில் அரிது. பாதை போட்டவர்களும் கேங்கில் (பராமரிப்புக் குழுவில்) நின்று பராமரித்தவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள். ஒரு சூலம், ஒரு கல், தகரக் கூரை என்று ஆரம்பித்தது இன்று டைல்ஸ் பதித்த மண்டபமாக இருக்கலாம். வரைபடத்தில் மட்டும் அது காலி நிலம்.

இதை இயந்திரம் வந்து நின்ற பிறகு பேசத் தொடங்கினால் வேலை வாரக்கணக்கில் நிற்கும்; நிற்பதுதான் நியாயமும். செய்ய வேண்டியது எளிது. நடை முடிந்த வாரத்திலேயே கோயில் பெரியவரையும் நிர்வாகத்தையும் பார்த்து, எந்தத் தேதியில் என்ன நடக்கும், கோயிலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இயந்திரம் நிற்கும் என்று தமிழிலேயே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கோயிலுக்கு முன்னால் இருக்கும் 30 மீட்டரை இயந்திரம் இல்லாமல் கையால் கழற்றலாம். பத்துப் பேருக்கு அது ஒரு நாள் வேலை. திருவிழா நாள் தெரிந்து அட்டவணையை நகர்த்தலாம். நிலம் யாருடையது, கோயில் இருக்கலாமா என்பது ரயில்வே சொத்துக் கழகமும் மாநில அரசும் கோயில் நிர்வாகமும் பேசவேண்டிய விஷயம். தண்டவாளம் கழற்றும் ஒப்பந்ததாரர் அதில் வாக்குக் கொடுக்கவே கூடாது. நல்ல எண்ணத்தோடு கொடுத்த வாக்கும் பின்னால் பொய்யாகிவிடும்.

மாட்டுக்கொட்டகை, காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். அறுவடைக்கு மூன்று வாரம் பொறுத்தால் சண்டை இல்லை.

இணைப்பைத் துண்டிப்பது

கிளைப்பாதை பிரதான பாதையோடு சேரும் இடத்தில் உள்ள பாயிண்ட்டை, அதாவது தண்டவாளம் பிரியும் அமைப்பை, கழற்றுவது தனி வேலை. அதை ரயில்வேயின் சொந்த ஆட்களே செய்வார்கள், செய்யவும் வேண்டும். ஈப்போ–பாடாங் பெசார் இரட்டைப் பாதை முழுவதும் மின்மயமாகிவிட்டது. தலைக்கு மேல் 25,000 வோல்ட் ஓடுகிறது. அந்தக் கம்பியைத் தொடவே வேண்டாம், எக்ஸ்கவேட்டரின் கை கிட்டே போனாலே தாவும். மின்சாரத்தை நிறுத்தி, பூமியோடு இணைத்து, எழுத்தில் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் அந்த எல்லைக்குள் இயந்திரம் போகலாம். துண்டித்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தடுப்பு போட்டுவிட வேண்டும். உள்ளே ஓடும் டிராலி எதுவும் பிரதான பாதைப் பக்கம் உருண்டு போகக் கூடாது.

கழற்றும் வரிசை

தூரத்து முனையில் தொடங்கி, லோரி வரக்கூடிய ரோட்டுப் பக்கமாகப் பின்வாங்கி வர வேண்டும். இன்னும் கழற்றாத பாதையே கழற்றிய இரும்பை டிராலியில் சுமந்து வரும். இந்த ஒரு விதி பாதி வேலையைக் காப்பாற்றும். கைக்கு எட்டியதை முதலில் விற்றுக் காசாக்கலாம் என்று ரோட்டுப் பக்கத்தில் தொடங்கினால், உள்ளே இரண்டு கி.மீ. இரும்பு வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். அதை எடுக்க லோரியைக் கரைமேல் ஏற்றுவார்கள். அடிக்குழாய்கள் நொறுங்குவது அங்கேதான்.

காரணத்தையும் சொல்ல வேண்டும். ரயில் ஓடியபோது சக்கரத்தின் பாரம் தண்டவாளத்தில் பரவி, பல கட்டைகளில் பகிர்ந்து, சல்லியில் விரிந்து, மெதுவாகத்தான் குழாய்மேல் இறங்கியது. தண்டவாளமும் கட்டையும் போய், சல்லியையும் வழித்தெடுத்துவிட்டால் குழாய்க்கு மேலே இருப்பது முக்கால் மீட்டர் மண்தான். அதன்மேல் இரும்பு ஏற்றிய லோரியின் டயர் நேராக அழுத்துகிறது. பழைய செங்கல் மதகும் வார்ப்பிரும்புக் குழாயும் உடையும்போது சத்தம்கூட மேலே வராது.

கட்டைகள் மக்கி டிராலியைத் தாங்காத இடங்களில் வேறு வழியில்லை. லோரியைவிடத் தரையை மென்மையாக மிதிக்கும் சங்கிலிச் சக்கர எக்ஸ்கவேட்டரால் இழுக்க வேண்டும். அப்போதும் ஒவ்வொரு அடிக்குழாய்க்கு மேலேயும் இரும்புத் தகடு விரித்த பிறகே கடக்க வேண்டும். 20 டன் இயந்திரத்தின் அகலம் ஏறத்தாழ 3 மீட்டர், கரையின் மேற்பரப்பு 5 மீட்டருக்குள். கையைப் பக்கவாட்டில் முழுதாக நீட்டி அரை டன் தண்டவாளத்தைத் தூக்கினால் அந்தப் பக்கத்துக் கரையோரம் உட்காரும். கரையோரச் சமவெளி முழுவதும் அடியில் மென்களிமண். பாரத்தை முன்பக்கமோ பின்பக்கமோதான் தூக்க வேண்டும்.

மூட்டில் போல்ட் எதுவும் சாவிக்குக் கழலாது. மரையைக் கேஸ் கட்டரால் வெட்டி ஃபிஷ்பிளேட்டைத் தட்டி எடுப்பது ஒரு வழி. மூட்டுக்கு இரு பக்கமும் தண்டவாளத்தையே அறுப்பது இன்னொரு வழி. இரண்டாவது வேகமானது, ஆனால் 492 மூட்டிலும் அரை மீட்டர்த் துண்டு விழும், தண்டவாளத்தை மறுபடி பாதையில் போட முடியாது. உருக்கப் போகிற இரும்புக்கு அறுப்பு சரி. வேலிக்கும் தோட்டத்துப் பாலத்துக்கும் முழு நீளம் விலைபோகும், அதற்குப் பொறுமையாகக் கழற்றத்தான் வேண்டும்.

வெயிலைக் கவனிக்க வேண்டும். 12.2 மீட்டர்த் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் 4 மி.மீ. நீளும். மூட்டு இடைவெளி துருவால் அடைபட்ட பாதையில் நீள இடமில்லாமல் அது அழுத்தமாக உள்ளே நிற்கும். மதியம் இரண்டு மணிக்கு அறுக்கும்போது திடீரென்று பக்கவாட்டில் உதைக்கும். அதனால் முதல் அறுப்பெல்லாம் காலையில். வளைவில் ஆபத்து இன்னும் கூடுதல்: ஆணிதான் தண்டவாளத்தை வளைத்துப் பிடித்திருக்கிறது. மூட்டு விட்டதும் முனைகள் வளைவின் வெளிப்பக்கம் பாயும். அங்கே ஆள் நிற்கவே கூடாது. ஆணியை நடுவிலிருந்து முனைகளை நோக்கிப் பிடுங்கி, பத்துக் கட்டைக்கு ஒன்றைக் கடைசிவரை விட்டு, இயந்திரத்தின் பிடி தண்டவாளத்தில் விழுந்த பிறகே அதையும் எடுக்க வேண்டும்.

எட்டுப் பேர், ஒரு இயந்திரம் என்றால் புதர் வெட்டிய பாதையில் ஒரு நாளைக்கு 150 முதல் 200 மீட்டர். அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் எந்தப் படியை விடப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். காலையில் முதல் வேலை, தண்டவாளத்தையும் கட்டைக் குவியலையும் நீண்ட கம்பியால் தட்டுவது. நாகம் சல்லிப் பொந்தில்தான் இருக்கும். கட்டர் வேலை செய்யும் இடத்தில் தண்ணீர் டாங்கி நிற்க வேண்டும். காய்ந்த லாலாங் ஒரு பொறிக்குப் போதும்.

கட்டைகள்

பழைய ஸ்லீப்பர் கட்டைகளில் இரண்டு சாதி. செங்கால் மரம் மருந்தே இல்லாமல் பல பத்தாண்டு தாங்கும். வெட்டிய முகத்தில் மஞ்சள் கலந்த பழுப்பும் மெல்லிய பச்சையும் தெரியும். முழுக்கட்டை ஒன்று 55 கிலோவுக்குக் குறையாது. கெம்பாஸ் போன்ற மரங்களைக் கிரியோசோட் எண்ணெயில் ஊறவைத்துப் போட்டிருப்பார்கள். கருப்பு நிறமும் தார் வாசனையும் வெயிலில் கசியும் எண்ணெயும் அதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டையும் ஒரே குவியலில் போட்டுவிட்டால் செங்காலின் விலையும் போகும்.

கிரியோசோட் கட்டையை எரிக்கவே கூடாது. காய்கறிப் பாத்திக்கு ஓரமாகவும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வீட்டுக்குள்ளும் வைக்கக் கூடாது. கரை ஓரத்தில் இருக்கும் குடும்பங்கள் விறகுக்குக் கேட்பார்கள். காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். கேட்பவர்களுக்குச் செங்கால் உடைசல் கொடுக்கலாம். எண்ணெய்க் கட்டையை எப்படி அப்புறப்படுத்துவது என்பதைச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளுக்குள் வந்துவிட்டால் சேமிக்கும் காலத்துக்கும் எடைக்கும் வரம்பு உண்டு.

தலை முறிந்த ஆணி உள்ளே இருக்கும் கட்டையை ரம்பத்துக்கு அனுப்பினால் ரம்பச் சங்கிலி அறுந்து முகத்தில் அடிக்கும். உலோகம் காட்டும் கருவியை ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் கட்டை வெளியே போக வேண்டும்.

பாலமும் கேட்டும்

காவாய்மேல் இருக்கும் சிறிய இரும்புப் பாலத்தைத் தூக்குவதற்கு முன் அதன் எடையை வரைபடத்திலிருந்து கணக்கிட வேண்டும். கண்ணால் மதிப்பிட்டுக் கிரேன் கொண்டுவந்தவர்கள் கிரேனையே காவாயில் இறக்கியிருக்கிறார்கள். பழைய பாலத்தின் அடிப்பூச்சு ஈயம் கலந்த செவ்வண்ணமாக இருக்கும் என்றே கொள்ள வேண்டும். கட்டர் படும் இடத்தில் இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் சேர்த்து, அதன் பிறகே வெட்ட வேண்டும். அந்தப் புகை உடனே மயக்காது, உடம்பில் தங்கும். பாலத்தை எடுத்தாலும் இரு பக்கத் தாங்குசுவர்களை விட்டுவிடலாம். அவைதான் காவாய்க் கரையைப் பிடித்திருக்கின்றன.

பாதை ரோட்டைக் கடக்கும் கேட்டில் தாரில் புதைந்த தண்டவாளம் தடித்த துருவோடு வரும், எடை குறைவு, உடைந்து உடைந்து வரும். பாதி ரோடு மூடி, பாதி திறந்து, இரவில் செய்ய வேண்டும். எடுத்த பள்ளத்தில் கிரஷர் கல்லை 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டி மேலே தார் போட்ட கேட்டு ஒவ்வொன்றும் ஆறு மாதத்தில் குழியாகிறது. அதில் முதலில் விழுவது வேலைக்குப் போகும் மோட்டார்சைக்கிள்காரர்.

கரையை என்ன செய்வது

சல்லியை வழித்தெடுத்து விற்க ஆசை வரும். சேறு பிடித்த சல்லியைச் சலிக்க ஆகும் செலவு பெரும்பாலும் அதன் விலையைத் தின்றுவிடும். அதோடு, சல்லி போன களிமண் கரையில் மழை கோடு கோடாக வெட்டிக்கொண்டு இறங்கும். அப்படியே விட்டு, நடுவில் கொஞ்சம் மேடாக இருபுறமும் சரியும்படி வாரிவிடுவதே மேல். கரையையே எடுத்துவிடலாம் என்று நிலம் வாங்க வருபவர் சொல்வார். அந்தக் கரைதான் நூறாண்டாக ஒரு பக்கத்து வெள்ளத்தை மறுபக்கத்து வயலுக்கு வராமல் தடுத்திருக்கலாம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பதில் வராமல் ஒரு கூடை மண்ணும் நகரக் கூடாது. பெரிய மரங்களின் அடியையும் தோண்டக் கூடாது, தரைமட்டத்தில் வெட்டினால் போதும். வேர் கரையைக் கட்டிப் பிடித்திருக்கிறது.

இரும்பு வெளியே போகும் ஒவ்வொரு லோரிக்கும் எடைச்சீட்டு மூன்று பிரதி, வண்டி எண், 100 மீட்டர்க் குறியீட்டில் எங்கிருந்து எங்குவரை எடுத்தது என்ற குறிப்பு. 238 டன் பன்னிரண்டு டிரெய்லரில் போய்விடும், ஆகவே இது பெரிய எழுத்து வேலை அல்ல. பழைய இரும்பு வாங்குபவர் 1946ஆம் ஆண்டுப் பழைய பொருள் வணிகர் சட்டப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும். அதன் நகல் இல்லாமல் முதல் லோரியே கிளம்பக் கூடாது. விற்காமல் எடுத்து வைக்க வேண்டியவையும் உண்டு: ஆலைப் பெயரும் ஆண்டும் தெரியும் தண்டவாளத் துண்டு ஒன்று, கிலோமீட்டர்க் கல், இருந்தால் பெயர்ப்பலகை. தமிழ் எழுத்துள்ள பலகை பழைய இரும்போடு போய்விட்டால் திரும்பி வராது. போர்ட் வெல்டில் ஒன்று நிற்பதால்தான் இன்று பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட முடிகிறது.

ஒப்பந்தத்தில் கடைசித் தவணைப் பணத்தை எடைமேடைக் கணக்கோடு முடிச்சுப்போடக் கூடாது, அடிக்குழாயோடு போட வேண்டும். வேலை முடிந்த பிறகு வரும் முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில், தோட்டத்து மண்டோரையும் (மேற்பார்வையாளரையும்) வயல்காரரையும் கூட்டிக்கொண்டு, சிவப்புத் துணி கட்டிய ஒவ்வொரு கம்புக்கு அருகிலும் போய் நிற்க வேண்டும். மேற்பக்கம் நிற்கும் தண்ணீருக்கும் கீழ்ப்பக்கம் ஓடும் தண்ணீருக்கும் மட்டம் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து, முதல் நடையில் எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் கூடியிருக்கும் குழாயைத் தோண்டி மாற்றிய பிறகு தவணையைக் கொடுக்கலாம்.